பீலிக்கரைத் தவளையும் சுருள் வாளும்

கொஸ்லந்தைப் பக்கம் மழை பிடித்துவிட்டால் ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம்தான். லயத்துக்குப் பின்னால் கான், கானுக்கு அந்தப் பக்கம் பீலி, அதற்கு மேலே தேயிலை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்த பிறகு எங்களில் பலருக்கு மழை ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. முழித்துக்கொண்டு கிடப்போம். அப்படிக் கிடந்த ஒரு ராத்திரி எங்களில் ஒருத்தி கேட்டாள்: "அந்தக் கான் தண்ணியில நாம கால வச்சா ரெண்டே நாள்ல சேத்துப்புண்ணு. இதுங்க பொறந்ததுல இருந்து அதுக்குள்ளதான் கெடக்குது. எப்படி அழுகிப்போகாம இருக்கு?"

நாங்கள் எல்லாரும் கலைப்பீடம். விஞ்ஞானம் ஓ லெவலோடு முடிந்தது. ஆனால் கேள்வி விடவில்லை. தேடிப் போனால் அது விஞ்ஞானத்தில் தொடங்கி எங்கள் தோட்ட வரலாற்றில் வந்து நின்றது.

இதே கேள்வி எங்களுக்கு முன்னால் அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லொப் என்ற ஆய்வாளருக்கும் வந்திருக்கிறது. அவர் ஆபிரிக்க நகத்தவளைகளை வைத்து வேறு ஏதோ ஆராய்ந்துகொண்டிருந்தவர். தவளையின் வயிற்றைக் கீறி முட்டைகளை எடுப்பார், தைப்பார், திரும்பவும் அழுக்குத் தொட்டியில் விட்டுவிடுவார். காயம் சீழ் பிடிக்க வேண்டும். பிடிக்கவே இல்லை. தோலை ஆராய்ந்தபோது 23 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சின்னப் பெப்டைட்டுகள் கிடைத்தன. 1987இல் அவற்றுக்கு 'மகைனின்' என்று பெயர் வைத்தார். ஹீப்ரு மொழியில் கேடயம் என்று பொருள் வரும் சொல்லிலிருந்து எடுத்தது. இவர்தான் முதல் ஆள் என்று நினைக்க வேண்டாம். மஞ்சள் வயிற்றுத் தேரை ஒன்றின் தோலிலிருந்து இப்படியொரு பொருளை 1970இலேயே ஐரோப்பாவில் பிரித்தெடுத்துவிட்டார்கள். அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

வேலை செய்யும் விதம் எளிது. பக்டீரியாவின் வெளிச்சவ்வில் எதிர் மின்னேற்றம். இந்தப் பெப்டைட்டில் நேர் மின்னேற்றம். ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும், சவ்வைக் குத்திக் கிழிக்கும். எங்கள் உடம்புக் கலங்களின் வெளிப்பக்கத்தில் அந்த மாதிரி மின்னேற்றம் இல்லாததால் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கதை 2017இல் வந்தது. கேரளத்தின் ஹைட்ரோபைலாக்ஸ் பஹுவிஸ்தாரா என்ற தவளையின் தோல் கசிவில் கிடைத்த 32 பெப்டைட்டுகளை, திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து சோதித்தன. நான்கு, இன்புளுவென்சா வைரஸை அடித்தன. அதில் மூன்று மனிதக் கலங்களையும் சேர்த்தே கெடுத்தன. மிச்சமிருந்த ஒன்றுக்கு 'உருமின்' என்று பெயர் வைத்தார்கள். உருமி என்பது களரி வீரர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சுருள் வாள். H1 வகை வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் தண்டுப் பகுதியில் அது ஒட்டி, வைரஸையே சிதைக்கிறது. எலிகளில் பலித்தது, மருந்தாக இன்னும் வரவில்லை. ஹைட்ரோபைலாக்ஸ் கிராசிலிஸ் என்று அந்தத் தவளைக்கு ஒரு சொந்தக்காரன் இலங்கைக்கு மட்டுமே உரியவன்.

இந்த வாள் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கூர்ப்பு வருகிறது. ஒரு பரம்பரையலகு தற்செயலாக இரண்டு பிரதியாகிவிடும். ஒன்று பழைய வேலையைப் பார்க்கும். மற்றதுக்கு வேலை இல்லை, மாறிப் பார்க்கலாம். நகத்தவளையின் பெப்டைட்டுகள் செரிமான ஓமோன் ஒன்றின் பரம்பரையலகிலிருந்து இப்படித்தான் கிளைத்தன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சமையல்கட்டுக் கத்தியை எடுத்துப் போருக்குப் போன மாதிரி. வேறு குடும்பங்களின் கதை வேறு. தென்னமெரிக்க மரத்தவளைக்கும் எங்கள் பக்கத்து நீர்த்தவளைக் குடும்பத்துக்கும் இந்தப் புரதத்தின் தலைப்பகுதி கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கிறது. அதனால் இரண்டுக்கும் மூலம் ஒன்று, வயது ஏறக்குறைய 15 கோடி ஆண்டு என்று 2003இல் கணித்தார்கள். தலை மாறவில்லை. ஆயுதமான வால்பகுதி மட்டும் இனத்துக்கு இனம் மாறிக்கொண்டே போகிறது, ஏனென்றால் எதிரியும் மாறிக்கொண்டே இருக்கிறான். ஒரே தவளை பல வகையைக் கலந்து கசிய விடும். ஒன்றுக்குத் தப்பின கிருமி இன்னொன்றில் மாட்டும். தேரைகளில் பலதுக்கு இந்த ஏற்பாடு கிடையாது, அவை வேறு நஞ்சை நம்பியிருக்கின்றன. தவளை தன் வாயால் கெடும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். தோலால் பிழைத்த கதையை யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனாலும் கேடயம் எப்போதும் காப்பதில்லை. கைட்ரிட் என்ற தோல் பங்கசு உலகம் முழுக்க 500க்கும் மேற்பட்ட ஈரூடகவாழி இனங்களைக் குறைத்திருக்கிறது, 90 இனங்கள் அழிந்திருக்கலாம் என்று 2019இல் கணக்குச் சொன்னார்கள். அதன் பூர்வீகம் கிழக்கு ஆசியா. ஆசியத் தவளைகளில் அந்த அளவுக்குக் கூட்டச் சாவு பதிவாகவில்லை. நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்ததால் பழகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

பங்கசு என்றதும் எங்களுக்கு மடுல்சீமைதான் ஞாபகம் வரும். 1869இல் கோப்பி இலைத்துரு இலங்கையில் முதலில் தென்பட்டது எங்கள் பதுளை மாவட்டத்து மடுல்சீமைத் தோட்டமொன்றில்தான். மலை மலையாக ஒரே செடி. ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. இருபது வருசத்துக்குள் கோப்பி போய், தேயிலை வந்தது. எங்கள் பாட்டன் பூட்டன்மார் கோப்பிக்கென்று வந்து தேயிலைக்கு மாட்டிக்கொண்ட வரலாறு அது. தவளைத் தோல் பல ஆயுதம் வைத்துப் பிழைத்தது, துரைமார் ஒரே பயிரை வைத்துத் தோற்றார்கள். தோற்ற பிறகும் திரும்ப ஒரே பயிரைத்தான் நட்டார்கள் என்பதை யோசித்தால் சிரிப்பு வருகிறது.

சிரிப்பு நிற்கும் இடம் இது. அந்தக் கோப்பிக்காகக் காடு போனது. வெட்டினவர்களில் சிங்களக் கிராமத்து ஆட்களும் உண்டு, நட்டதும் களை பிடுங்கினதும் எங்கள் ஆட்கள். வெட்டச் சொன்னவன் வேறு ஆள், இலாபம் எடுத்தவனும் அவன்தான். ஆனால் கை எங்களுடையதும்தான். இலங்கையின் புதர்த்தவளைகள் தலைப்பிரட்டையாகத் தண்ணீரில் வாழாமல் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வருபவை. அவற்றுக்கு ஈரமான காட்டு நிழல் வேண்டும். அதில் 15க்கும் மேற்பட்ட இனங்களை இன்று யாரும் காண்பதில்லை. பழைய அருங்காட்சியகப் போத்தல்களில் மட்டும் இருக்கின்றன. உலகத்தில் அழிந்ததாகப் பதிவான ஈரூடகவாழிகளில் ஏறக்குறைய பாதி இந்தச் சின்னத் தீவினுடையது. 1853இல் கெலார்ட் விவரித்த ஒரு தவளை ஒன்றரை நூற்றாண்டு கழித்துச் சிவனொளிபாதமலைக் காட்டில் திரும்பக் கிடைத்தது. மற்றவற்றின் தோலில் என்ன வாள் இருந்ததோ, போத்தலில் ஊறின தோலிலிருந்து அந்தக் கசிவை எடுக்க முடியாது.

இது தவளைக்கான அழுகை மட்டும் இல்லை. எங்கள் வீடுகளில் அன்டிபயோட்டிக் ரெண்டு நாள் குடித்து, காய்ச்சல் விட்டதும் மிச்சத்தைப் பிஸ்கட் டின்னில் வைப்பார்கள். அடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதிலிருந்து ரெண்டு. பாதி அடி வாங்கித் தப்பின கிருமிதான் பிறகு மருந்துக்குப் பழகுகிறது. அம்மாமாரைக் குறை சொல்ல வரவில்லை. டவுன் மருந்துக்கடைக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் பேர் போகும், சம்பளம் வெட்டு. பழைய மருந்துகள் தோற்கத் தோற்க, புது மருந்துக்கு ஆய்வாளர்கள் தேடிப் போகும் இடங்களில் ஒன்று தவளைத் தோல்.

போன மழைக்குப் பீலிக்கரைக் கல்லில் மண்ணிறத் தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது. கிராசிலிஸா வேறு ஏதாவதா என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. போனில் படம் எடுத்தோம். தொட்டுப் பார்க்க எல்லாருக்கும் ஆசை. எங்களில் ஒருத்தன் அன்று காலையில் புல்லுக்கு மருந்தடித்துவிட்டு வந்திருந்தான். அவன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான்.