முத்திரையும் சாட்சியும்

ஹஜ்ஜுக்கோ, பிழைப்பை நாடி வளைகுடா நாடுகளுக்கோ புறப்படுகிறவர் தம் கடவுச்சீட்டைக் கண்ணின் மணியெனக் காக்கிறார். அதன் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மறைந்திருக்கும் உருவம் தெரியும். மயிரிழை போன்ற கோடுகள் பின்னிக் கிடக்கும். இவை இக்கால விஞ்ஞானத்தின் விந்தைகள் என்று எண்ணுகிறோம். ஆனால் கள்ள ஆவணத்தைத் தடுக்கும் கலை இஸ்லாமிய வரலாற்றில் தொன்மையானது. அதன் பாடங்களுள் ஒன்று இரத்தத்தால் எழுதப்பட்டது.

ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று தெரிவிக்கப்பட்டது. உடனே வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டு, ‘முஹம்மத்’, ‘ரஸூல்’, ‘அல்லாஹ்’ என்று மூன்று வரிகளில் பொறிக்கப்பட்டது. அதே வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒரு முத்திரை ஒருவருக்கே உரியது என்ற விதி அன்றே பிறந்துவிட்டது.

அம்மோதிரம் ஹழ்ரத் அபூபக்ர் (ரலி), ஹழ்ரத் உமர் (ரலி) ஆகியோருக்குப் பின் ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் கைக்கு வந்தது. ஒரு நாள் மதீனாவின் அரீஸ் கிணற்றில் அது தவறி விழுந்தது. மூன்று நாட்கள் நீரை இறைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. பின்னர் அதே வாசகத்துடன் வேறொரு முத்திரை செய்யப்பட்டது.

ஹிஜ்ரி 35-இல் முறையீட்டுடன் மதீனா வந்து, சமாதானமாகித் திரும்பிய எகிப்தியர் வழியில் ஒரு தூதுவனைப் பிடித்தனர். அவனிடம் இருந்த கடிதம், அவர்களைத் தண்டிக்குமாறு எகிப்தின் ஆளுநருக்குக் கட்டளையிட்டது. அதில் கலீஃபாவின் முத்திரை இருந்தது! அதை எழுதவுமில்லை, எழுதச் சொல்லவுமில்லை என்று கலீஃபா அவர்கள் சத்தியம் செய்தார்கள். ஒருவர் பெயரால் மற்றொருவர் கடிதம் எழுதக் கூடும். ஒரு முத்திரையைப் போல மற்றொன்றைப் பொறிக்கவும் கூடும். ஆகவே இரண்டு சாட்சிகளைக் கொண்டு வாருங்கள், அல்லது என் சத்தியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சினங்கொண்டோர் செவிமடுக்கவில்லை. கலீஃபா ஷஹீதானார்கள். முத்திரையை மட்டும் நம்பியதன் விலை அது!

ஹழ்ரத் முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் வேறொரு மோசடி நிகழ்ந்தது. அம்ரு இப்னு ஜுபைர் என்பாருக்கு ஒரு லட்சம் திர்ஹம் வழங்குமாறு இராக்கின் ஆளுநர் ஜியாதுக்குக் கடிதம் கொடுக்கப்பட்டது. வழியில் அது திறக்கப்பட்டு, ‘நூறு ஆயிரம்’ என்பது ‘இருநூறு ஆயிரம்’ ஆகிவிட்டது. கணக்கு வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதன் பின்னரே ‘தீவானுல் காத்தம்’ என்னும் முத்திரை அலுவலகம் அமைக்கப்பட்டு, கடிதங்களைக் கட்டி முத்திரையிட்டு அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது என்று இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் எழுதுகிறார்.

உமையாக்களின் எகிப்தில், வேலைக்காக வேற்றூர் செல்லும் குடியானவருக்கு நாணல் தாளில் அனுமதிச் சீட்டு எழுதித் தரப்பட்டது. இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ள அச்சீட்டுகளில் பெயரும் ஊரும் மட்டுமன்றிக் கன்னத்துத் தழும்பு, கழுத்து மச்சம், தலைமயிரின் தன்மை ஆகியனவும் குறிக்கப்பட்டுள்ளன; தங்குவதற்கான கெடுவும் உண்டு. புகைப்படம் தோன்றாத காலத்தில் எழுத்தே படமாயிற்று!

அப்பாசியக் கலீஃபா ஹாரூன் ரஷீத், அரசாங்க எழுத்துகள் யாவும் காகிதத்திலேயே அமைய வேண்டும் என்று கட்டளையிட்டார். தோலில் எழுதியதைச் சுரண்டிவிட்டு மாற்றி எழுதலாம். காகிதத்தைச் சுரண்டினாலோ வடு தெரிந்துவிடும் என்று அதன் காரணத்தைக் கல்கஷந்தி விளக்குகிறார். திருத்தியவனைத் தாளே காட்டிக்கொடுக்கும் என்பதுதான் இன்றைய கடவுச்சீட்டுக்கும் அடிப்படை. அதில் பதித்த மின்னணுச் சில்லின் பதிவில் ஓரெழுத்தை மாற்றினாலும், சோதிக்கும் கருவி கண்டுகொள்ளும்.

ஆயினும் ஒரு மோசடியை எந்தக் கருவியும் காணாது. பிறந்த ஆண்டை மாற்றிச் சொல்லி, பொய்ச் சாட்சியைக் கொண்டு பெறுகின்ற சீட்டு இருக்கிறதே, அதன் தாளும் மெய், முத்திரையும் மெய். செய்தி மட்டும் பொய்! கடனை எழுதிக்கொள்ளப் பணித்த திருமறை, அதனுடன் சாட்சிகளையும் வைக்கச் சொன்னது. பொய்ச் சாட்சியத்தைப் பெரும் பாவங்களுள் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நம் பிள்ளைகளுக்காக விண்ணப்பத் தாளை நிரப்பும் வேளையில், நாமும் சாட்சிக் கூண்டில் நிற்கிறோம் என்பதை மறவாதிருப்போமாக!