கண்ணை மூடிக்கொண்டு ஈயம் வைக்க முடியுமா?

கீழ்பென்னாத்தூர் வீட்டில் பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு சால்டரிங் செய்து பார்த்தேன். விரல் சுட்டதுதான் மிச்சம்.

இதைப் பிழைப்பாகவே செய்தவர் பில் ஜெர்ரி. சான் பிரான்சிஸ்கோவின் ஸ்மித்-கெட்டில்வெல் கண் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்த பார்வையற்ற பொறியாளர். 1980-லிருந்து 1998 வரை பார்வையற்ற எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்களுக்காக 'ஸ்மித்-கெட்டில்வெல் டெக்னிக்கல் ஃபைல்' என்ற இதழை நடத்தினார். சர்க்யூட் படமே கிடையாது. எந்தக் கால் எதோடு சேரணும் என்று முழுக்க வார்த்தையிலேயே எழுதுவார்கள். (நம்ம காலேஜ் லேப் ரெக்கார்டு அப்படி இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் புரிந்திருக்கும்.)

சிக்கல் எங்கே? இடத்தை விரலால்தான் தேடணும்; ஆனா சூடான முனையைத் தொட முடியாது. 1940-களில் அமெரிக்காவில் கார்ல் வெல்லர் கொண்டுவந்த சால்டரிங் கன் இதற்குத் தோது. முனை ஆறியிருக்கும்போதே தடவிப் பார்த்து வைத்துவிட்டு, அப்புறம் விசையை அழுத்தலாம். சில நொடியில் சூடாகிவிடும். ஆனால் கனம் அதிகம், ஐசி போர்டுக்குச் சூடும் அதிகம்.

ஈயத்திலும் விஷயம் இருக்கு. 63/37 கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகி, அதே சூட்டில் சட்டென்று இறுகிவிடும். 60/40 கொஞ்ச நேரம் கூழாக நிற்கும். கை ஆடினால் மூட்டு கெட்டுவிடும்.

மூட்டு பளபளக்குதா என்று நாம் பார்ப்போம். அவர்கள் ஆறவிட்டு நகத்தால் தடவுவார்கள், பிறகு பீப் சத்தம் தரும் டெஸ்டரை வைப்பார்கள். சத்தமில்லாத மல்டிமீட்டரை ரிச்சி தெருவில் மலிவாகக் கொடுத்தாலும் அவர்களுக்கு உபயோகமில்லை.