கண்ணுக்குத் தெரியாத புகைக்கு ஒரு சட்டம்

கிள்ளான் மக்களுக்குப் புகையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, எல்லோருக்கும் புரிந்தது. கரியமில வாயு அப்படியல்ல. அது கண்ணையும் எரிக்காது, மூக்கிலும் ஏறாது. அதனால்தானோ என்னவோ, அதைப் பிடித்துப் பூமிக்கடியில் புதைப்பதற்கென்று மலேசியாவில் ஒரு சட்டம் பிறக்க நெடுங்காலம் ஆயிற்று.

1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1978இல் வந்த தூய காற்று விதிமுறைகள் ஆலைப் புகைபோக்கியின் கரும்புகையையும் தூசையும் கவனித்தன. வாயுவைப் புதைக்கும் வேலையை நார்வே 1996லேயே வடகடலில் தொடங்கிவிட்டது. இங்கு முந்திக்கொண்டது சரவாக். தனது நிலச் சட்டத்தின் கீழ் 2022இல் கரிமச் சேமிப்பு விதிகளை அது வகுத்தது. அதே ஆண்டு நவம்பரில், சரவாக் கடலிலுள்ள கசவாரி எரிவாயு வயலில் பிரித்தெடுக்கும் கரியமில வாயுவை, எரிவாயு தீர்ந்துபோன வேறொரு வயலுக்குள் செலுத்தும் திட்டத்தில் முதலீடு செய்ய பெட்ரோனாஸ் முடிவெடுத்தது. ஆண்டுக்கு 33 லட்சம் டன் என்பது கணக்கு.

கூட்டரசு சட்டம் 2025 மார்ச் 6இல் மக்களவையிலும், மார்ச் 25இல் மேலவையிலும் நிறைவேறி, அக்டோபர் 1இல் அமலுக்கு வந்தது. தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் மட்டுமே அது செல்லும். சபா, சரவாக்கில் செல்லாது. கடலடி வளம் யாருக்கு என்று 1974 பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டக் காலத்திலிருந்து தொடரும் இழுபறியை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

மசோதா மீது எழுந்த பெரிய சர்ச்சை, வெளிநாட்டுக் கரியமில வாயுவை உரிமம் பெற்று இறக்குமதி செய்யலாம் என்பது. வருமானம் வரும் என்றது அரசு. பிறர் கழிவுக்கு நாம் குப்பைத்தொட்டியா என்று கேட்டன சுற்றுச்சூழல் அமைப்புகள். கேள்வி நியாயமானதே. புதைத்த வாயு நூற்றாண்டுக் கணக்கில் கசியாமல் கிடக்க வேண்டும். நிறுவனங்கள் அத்தனை காலம் இருக்குமா? கிணறு மூடி, நிபந்தனைகள் நிறைவேறிய பிறகு பொறுப்பு அரசின் தலையில் வருகிறது. அந்தச் செலவுக்காக, வாயுவைச் செலுத்தும் நிறுவனங்களிடம் தீர்வை வாங்கி ஒரு நிதியில் சேர்க்கச் சட்டம் சொல்கிறது. நிதி போதாவிட்டால் வரி செலுத்துவோர்தான் ஏற்க வேண்டிவரும்.

இன்னொன்றும் உண்டு. புதைக்க விரும்புவோர் எப்படிப் புதைக்க வேண்டும் என்றுதான் இச்சட்டம் சொல்கிறது. பிடித்தே தீரவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கிள்ளானை அடுத்த காப்பார் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது. அதன் புகைபோக்கி வழியே போகும் கரியமில வாயுவைப் பிடிக்க இச்சட்டத்தில் கட்டளை ஏதும் இல்லை.