சித்தாண்டியின் ஏற்றிறக்கு வழிகள்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில், திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியில், மாவடிவேம்புக்கும் முறக்கொட்டான்சேனைக்கும் நடுவே சித்தாண்டி இருக்கிறது. கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் தங்கிச் செல்லும் சித்திரவேலாயுத சுவாமி கோவிலால் ஊரின் பெயர் தூரத்திலும் தெரிந்தது. ஊரின் பிழைப்பு வீதிக்கு மேற்கே கிடந்தது: வயல் வட்டைகள், மாட்டுப்பட்டிகள், அவற்றுக்கு அப்பால் காடு. குடியிருப்பு கிழக்கிலும் விளைச்சல் மேற்கிலும் இருக்க, இடையில் சந்தனமடு ஆறும் மாரியில் கடலாகிவிடும் தாழ்நிலமும் கிடந்தன. இதனால் நெல்லையும் பாலையும் ஏற்றி இறக்குவோருக்குத் தூரம் இரண்டாவது கேள்வியாகவே இருந்தது. எந்த மாதத்தில் எந்தத் துறையைக் கடக்கலாம் என்பதே முதற் கேள்வி.

வண்டில் வீதிகள் வருமுன் சுமை தூக்கியவை பொதிமாடுகள். கரையோரத்து உப்பும் கருவாடும் மாட்டு முதுகில் ஏறி ஊவா மலைப்பக்கம் போயின. தவளம் எனப்பட்ட இந்த மாட்டு அணிகள் திரும்பும்போது மலைநாட்டுப் பாக்கை ஏற்றி வந்தன. வெறும் முதுகோடு திரும்பும் மாடு நட்டம் என்பதை எந்தக் கணக்கரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மாடு மேயவும் தண்ணீர் குடிக்கவும் இடம் வேண்டும். அதனால் தங்குமிடங்கள் புல்லும் குளமும் உள்ள இடங்களாக அமைந்தன. பேராதனையிலிருந்து பதுளை வழியாக வரும் இன்றைய ஏ5 வீதி சித்தாண்டிக்குத் தெற்கே செங்கலடியில் வந்து முடிகிறது. மலைக்கும் கடலுக்கும் இருந்த அந்தப் பழைய கொடுக்கல் வாங்கலின் திசையும் அதுதான்.

நெல்லின் போக்குவரத்து வேறு வகை. பெரும்போகம் மாரி மழையோடு வளர்ந்து மாசி, பங்குனியில் அறுவடையாகும். அறுத்த கதிர் ‘சூடு’ எனப்படும் போராக அடுக்கப்பட்டு, களவெட்டி என்னும் களத்தில் மாடு விட்டு மிதிக்கப்பட்டு, மூட்டையாகி, வண்டிலில் ஏறும். வெள்ளம் வடிந்து தரவை இறுகுவதும் அதே பருவம். நெல் அந்த மாதங்களில் விளைவது வண்டில்காரருக்குக் கிடைத்த பெரிய வசதி என்றே சொல்ல வேண்டும். கார்த்திகையில் அறுவடை வந்திருந்தால் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் நெல்லில் பாதி களத்திலேயே முளைத்திருக்கும். வெயிலில் மாடு களைக்கும் என்பதால் வண்டில்கள் இரவில், அடியில் லாம்பு தொங்க, ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. வண்டில் இறங்க முடியாத நீரில் தோணியும், ‘பாதை’ என்று மட்டக்களப்பார் அழைக்கும் மிதவைப் படகும் உதவின. மட்டக்களப்பு மாவட்டத்து வாவிகளில் இத்தகைய கடவைகள் பல இருந்தன: சந்திவெளியிலிருந்து திகிலிவெட்டைக்கு, குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு, குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு, மண்முனையிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு. இவற்றில் மண்முனைக் கடவைக்கு 2014 இல்தான் பாலம் கிடைத்தது.

1928 இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. அதுவரை வண்டில்காரர் தம் நேரத்துக்குப் புறப்பட்டவர்; இப்போது சரக்கு, ரயில் புறப்படுவதற்குமுன் நிலையத்தில் இருந்தாக வேண்டும். ‘இந்த நேரத்துக்குள்’ என்ற நிபந்தனை இந்த வட்டாரத்துப் போக்குவரத்தில் கண்டிப்பாக நுழைந்தது அப்போதுதான். ஓட்டமாவடியின் இரும்புப் பாலத்தை ரயிலும் லொறியும் பல பத்தாண்டுகள் பகிர்ந்துகொண்டன. ரயில் வரும்போது லொறி காத்து நின்றது.

நேர நிபந்தனையை உண்மையில் கடுமையாக்கியது பால். 1954 இன் சட்டத்தின்கீழ் பால் சபை அமைந்து, நாட்டின் பல பாகங்களிலும் பாலை வாங்கிக் குளிரூட்டிக் கொண்டுபோகும் ஏற்பாடு வளர்ந்தது. அதற்குமுன் பட்டிப் பாலின் பெரும்பகுதி சட்டியில் தயிராக உறைந்தது. தயிர் ஒருநாள் தாமதத்தைப் பொறுக்கும், பச்சைப்பால் பொறுக்காது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பாலிலுள்ள நுண்ணுயிர்கள் மிக விரைவாகப் பெருகும் என்பதால், கறந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் 4 பாகையளவுக்குக் குளிரவைக்க வேண்டும். பட்டி மாடுகளில் பால் கறப்பது பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில். கன்றை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் கன்றை மறித்துக் கறப்பார்கள். பால்காரர் மோட்டார் சைக்கிளின் இருபுறமும் கேன்களைக் கட்டிக்கொண்டு பட்டி பட்டியாகப் போவார். ஆறு வந்தால் சைக்கிளும் கேனும் தோணியில் ஏறும். குளிரூட்டும் நிலையத்தில் பால்மானியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள், கொழுப்பைச் சோதிப்பார்கள், புளித்ததைத் திருப்பி அனுப்புவார்கள். கடைசிப் பட்டியில் அரைமணி தாமதித்தால் முதற் பட்டிப் பாலும் கெடும். ஆகவே எந்தப் பட்டிக்கு முதலில் போவது என்பதிலேயே அன்றைய வருமானம் தங்கியிருந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்போகம் விதைத்ததும் மாடுகள் வயற்பக்கம் நிற்க முடியாது. மாதவனை, மயிலத்தமடு போன்ற மேய்ச்சற்றரைகளுக்கு ஓட்டிச் செல்லப்படும். அறுவடைக்குப் பின் தாளடி மேயத் திரும்பி வரும். அதாவது, பால் ஏற்ற வேண்டிய இடங்களே ஆண்டுக்கு இருமுறை பல கிலோமீற்றர் இடம்பெயரும். வழித் திட்டமிடல் பற்றிய வெளிநாட்டுப் பாடநூல்களில் கடைகளும் கிடங்குகளும் ஓரிடத்தில் நிற்பவை. சித்தாண்டியின் பால் வழிக்கு அந்தச் சலுகை கிடையாது.

போர்க்காலத்தில் வழியின் விலை வேறு விதமாகக் கணக்கிடப்பட்டது. ஏ15 வீதியோரம் அரச படையிடமும் மேற்குப்புறம் விடுதலைப் புலிகளிடமும் இருந்த ஆண்டுகளில், குறுகிய வழியைவிட சோதனைச்சாவடியில் குறைவாக மறிக்கும் வழியே நல்ல வழி. 2007 யூலையில் மேற்கிலுள்ள குடும்பிமலைப் பகுதி படையினர் வசமான பின் மேற்குப்புறப் பாதைகள் மெல்லத் திறந்தன. மேய்ச்சற்றரைப் பிரச்சினை அதோடு தீரவில்லை. மயிலத்தமடு, மாதவனை நிலத்தில் அத்துமீறிய பயிர்ச்செய்கையை எதிர்த்து 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது சித்தாண்டியில்தான்.

எந்தப் பட்டிக்கு முதலில், எந்த வழியில் என்பது போன்ற தெரிவுகள் கணிதமாக எழுதப்பட்டது வேறு நாட்டில், வேறு சரக்குக்காக. 1959 இல் ஜோர்ஜ் டான்சிக், ஜோன் ராம்சர் இருவரும் ஒரு கிடங்கிலிருந்து பல பெற்றோல் நிலையங்களுக்குப் பவுசர்களை எப்படி அனுப்புவது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டனர். கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் பத்து இடங்களுக்கு ஒரு வாகனம் போகக்கூடிய வரிசைகள் மட்டும் 36,28,800. எல்லாவற்றையும் எழுதிப் பார்ப்பது ஆகாத காரியம். 1964 இல் கிளார்க், ரைட் இருவரும் எளிய குறுக்குவழி ஒன்றைக் காட்டினர். சித்தாண்டிக்கு அதைப் பொருத்திப் பார்க்கலாம். குளிரூட்டும் நிலையத்திலிருந்து ஒரு பட்டி 8 கிலோமீற்றர், மற்றது 10, இரண்டுக்கும் இடையே 3 என்று வைத்துக்கொண்டால், தனித்தனியாகப் போய்வர 36 கிலோமீற்றர் ஆகும். ஒரே சுற்றில் 8, 3, 10 எனச் சேர்த்தால் 21. மிச்சம் 15. எந்த இரண்டைச் சேர்த்தால் மிச்சம் கூடுதலோ அதை முதலில் சேர். கேனின் கொள்ளளவு அனுமதிக்கும்வரை தொடர். முறை இவ்வளவுதான். இது எப்போதும் மிகச் சிறந்த விடையைத் தருவதில்லை. பயன்படக்கூடிய விடையை விரைவாகத் தருகிறது. மாரியில் இரு பட்டிகளுக்கும் இடையிலுள்ள ஓடை நிரம்பி, சுற்றிப்போக 14 கிலோமீற்றர் ஆனால் மிச்சம் 4 ஆகச் சுருங்கிவிடும். கோடையில் ஒரே ஆள் பார்த்த சுற்றை மாரியில் இருவர் பிரித்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

இப்படிக் கணக்கிடத் தூரங்களும் தேதிகளும் எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். தரவுத்தளம் இந்தக் கணக்கின் கீழே இருக்கும் குறிப்பேடு. தரவுகளை அட்டவணைகளாக வைத்து உறவுபடுத்தும் முறையை எட்கர் கொட் 1970 இல் முன்வைத்தார். ஒரு வழியிலிருந்து அடுத்த வழிக்குத் தொடர்ந்து தாவும் வினவலை எழுதும் வசதி தரவுத்தளங்களைக் கேள்வி கேட்க உதவும் எஸ்கியூஎல் மொழியின் 1999 நியமத்தில் சேர்ந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு சேர்ந்தியங்கும் பிஜிரூட்டிங் போன்ற இலவச மென்பொருள்கள் குறுகிய வழியைத் தேடுவதோடு, ஓரிடத்தில் ஏற்றி மற்றோரிடத்தில் இறக்கும் சுற்றுகளையும் அமைக்கின்றன. சித்தாண்டி போன்ற ஊருக்கு இதை எழுதினால் மூன்று அட்டவணைகள் தேவைப்படும். ஒன்றில் இடங்கள்: பட்டி, துறை, நிலையம், பட்டி அங்கே நிற்கும் காலத்தின் தொடக்க நாளும் முடிவு நாளும். இன்னொன்றில் தொடுப்புகள்: எங்கிருந்து எங்கே, எத்தனை நிமிடம், எந்த மாதங்களில் திறப்பு, தோணியானால் ஒரு தடவைக்கு எத்தனை கேன். மூன்றாவதில் அன்றைய சுமை: யாரிடம் எத்தனை லீற்றர், எத்தனை மணிக்குக் கறந்தது.

வினவல் முதலில் செய்வது வடிகட்டல்தான். இன்றைய தேதிக்குப் பொருந்தாத தொடுப்புகளை நீக்கு. இடம் மாறிய பட்டிகளை நீக்கு. எஞ்சியவற்றுக்குள் ஒவ்வொரு இரண்டுக்கும் குறைந்த நேர வழியைத் தேடு. சுற்றுகளைச் சேர்க்கும் வேலை அதன் பிறகே. தூரத்தை மட்டும் நிரப்பிய அட்டவணை மார்கழியில் பால்காரரை நீருக்குள் அனுப்பிவிடும். வெற்றுக் கேன் மேற்கே போகவும் நிறைந்த கேன் கிழக்கே வரவும் ஒரே சைக்கிள் என்பதால், ஏற்றிய பின்பே இறக்கம் என்ற முன்பின் ஒழுங்கையும் வினவல் காக்க வேண்டும்.

தொடுப்பு அட்டவணையின் திறப்புத் தேதிகள் நிலையானவையல்ல. 2011 சனவரியில் பெருவெள்ளம் வந்தபோது மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரும்பகுதி நீரில் நின்றது. சித்தாண்டிக்கு வடக்கே கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் நோக்கிப் போகும் வீதி பலத்த மாரிகளில் மூழ்குவது வழக்கம். அந்நாட்களில் ஈரளக்குளம், பெருமாவெளிப் பக்கத்தாருக்கு சித்தாண்டியோடு இருக்கும் தொடர்பு படகு மட்டுமே. துறை மூடிய செய்தியை முதலில் அறிபவர் தோணிக்காரர். அவருடைய தொலைபேசி அழைப்பு வந்த நேரத்திலேயே அட்டவணையில் அந்தத் துறைக்குரிய வரி திருத்தப்பட்டால் அன்றைய சுற்று சரியாக அமையும், மறுநாள் திருத்தினால் முந்திய நாளின் பால் புளித்திருக்கும்.