பாலாற்றுப் பகுதித் தோல் தொழிலில் தகவல் தொழில்நுட்பம்

பாலாற்றுப் பகுதித் தோல் தொழிலில் தகவல் தொழில்நுட்பம் என்பது தமிழ்நாட்டின் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் உள்ள தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் கணினி, மென்பொருள், இணையம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் முறைகளைக் குறிக்கும். இவ்வூர்கள் முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்தன. 2019 இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. தகவல் தொழில்நுட்பம் ஒரு நிறுவனத்துக்குப் போட்டிச் சாதகம் தருமா என்னும் வினாவுக்கு இத்தொழில் நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

கோட்பாடு

ஒரே பொருளைப் பிறரினும் குறைந்த செலவில் ஆக்குவது, அல்லது பிறர் தர இயலாத ஒன்றைத் தருவது போட்டிச் சாதகம் எனப்படுகிறது. தகவல் தொழில்நுட்பம் இவ்விரண்டுக்கும் உதவும் என்று மைக்கேல் போர்ட்டரும் விக்டர் மில்லரும் 1985 இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் எழுதினர். அதே இதழில் 2003 இல் நிக்கலஸ் கார் இதற்கு மாறான கருத்தை முன்வைத்தார். தொடர்வண்டியும் மின்சாரமும் எல்லோருக்கும் கிடைத்தபின் எவருக்கும் தனிச் சாதகம் தரவில்லை. கணினியும் அவ்வாறே ஆகிவிடும் என்பது அவர் வாதம்.

பயன்பாடுகள்

வெட்டுதல்: துணியைப் போலத் தோல் ஒரே சீராக இருப்பதில்லை. முதுகுப் பகுதி இறுக்கமாகவும் வயிற்றுப் பகுதி தளர்வாகவும் இருக்கும். உண்ணிக்கடி, முள் கீறல், சூட்டுத் தழும்பு ஆகியவை தோலுக்குத் தோல் மாறும். காலணியின் செலவில் தோலின் பங்கு பெரிது. ஆகவே, துண்டுகளைக் கழிவு குறையும்படி அடுக்கிக் காட்டும் மென்பொருளால் பணம் மிச்சமாகும். எனினும் எந்தக் குறை எந்தத் துண்டில் மறையும் என்பதைத் தரம் பிரிப்பவரின் கண்ணும் கையுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

பதனிடல்: சுழலும் பீப்பாய்களில் இடப்படும் வேதிப்பொருள்கள் தோலின் எடைக்கு இத்தனை விழுக்காடு எனக் கணக்கிடப்படுகின்றன. இக்குறிப்பைக் கணினியில் சேமித்தால், அதே நிறத்துக்கு மறு ஆணை வரும்போது மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்க்கும் செலவு குறைகிறது.

ஏற்றுமதி ஆவணங்கள்: சுங்க ஆவணங்களை ஐஸ்கேட் இணையவாசல் வழியாக மின்னணு முறையில் அளிக்கலாம். இவ்வசதி எல்லா ஏற்றுமதியாளருக்கும் பொது; ஆதலால் இதனால் நேரம் மிச்சமானாலும் தனிச் சாதகம் எவருக்கும் இல்லை. இது காரின் வாதத்துக்குப் பொருந்தும்.

தடமறிதல்

இப்பகுதியில் தகவலின் மதிப்பை உயர்த்தியவை பெரும்பாலும் இறக்குமதி நாடுகளின் சட்டங்களே ஆகும். பூஞ்சையைத் தடுக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோஃபீனாலை 1989 இல் ஜெர்மனி தடை செய்தது. பின்னர் சிலவகை அசோ சாயங்கள் தடை செய்யப்பட்டன. இந்தியாவும் 1997 இல் அவற்றைத் தடை செய்தது. தோலில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோகிராமுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், உடலில் படும் தோல் பொருள்களை விற்க இயலாது என்னும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2015 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது.

ஆய்வில் ஒரு சரக்கு தவறினால், அது எந்தப் பீப்பாயில், எந்த நாளில், எந்த வேதிப்பொருள் கொண்டு பதனிடப்பட்டது என்று அறிய வேண்டும். பீப்பாய்தோறும் தொகுதி எண் இட்டுத் தரவுத்தளத்தில் பதியும் ஆலை, பழுதான தொகுதியை மட்டும் ஒதுக்கலாம். பதிவில்லாத ஆலை சரக்கு முழுவதையும் ஐயுற வேண்டியிருக்கும். மென்பொருளை எவரும் வாங்கலாம். நாள் தவறாது உண்மையாகப் பதியும் பழக்கத்தை வாங்க இயலாது. சாதகம் இப்பழக்கத்தில் உள்ளது.

2023 இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டத்தில் மாட்டுத்தோலும் சேர்க்கப்பட்டது. கால்நடை வளர்ந்த நிலத்தின் புவியிட விவரத்தை அது கோரியது. அதன் நடைமுறை நாள் ஒருமுறைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டது.

சிறு ஆலைகளின் நிலை

பிறருக்காகக் கூலிக்குப் பதனிடும் சிறு ஆலைகளுக்கு இப்பதிவுகள் சாதகம் அல்ல, தொழிலில் நீடிப்பதற்கான நிபந்தனையே ஆகும். பதிவு செய்வதற்கென ஒருவரை அமர்த்தும் செலவு பெரிய ஆலைக்குச் சிறிது. சிறிய ஆலைக்குப் பெரிது. பதிவு தர இயலாதவர் ஆணையை இழக்க நேரிடும்.

இதையொத்த சிக்கலை இப்பகுதி முன்பே சந்தித்துள்ளது. தோல் கழிவுநீர் குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க இயலாத ஆலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்தன. பாலாற்றுப் பகுதியின் இக்கூட்டு முயற்சியை லொரேன் கென்னடி 1999 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். எனினும் மாசு தீரவில்லை. 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதே சிக்கலில் மீண்டும் தீர்ப்பளித்தது. கழிவுநீருக்குப் போலவே தரவுக்கும் பொது அமைப்பு ஒன்றைச் சிறு ஆலைகள் ஏற்படுத்திக்கொள்ள இயலும். ஆனால், தன் வேதிக் குறிப்பும் வாங்குநர் பெயரும் போட்டியாளருக்குத் தெரியாது என்னும் உறுதி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தேவைப்படும்.

இவற்றையும் பார்க்க

வாணியம்பாடி
ஆம்பூர்
மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்
பாலாறு
போட்டிச் சாதகம்