கல்சியம் சொல்லும் இரு புரதங்கள்

புத்தளம் கரையில் கல்சியத்துக்குப் பஞ்சமில்லை. அறுவாக்காட்டுச் சுண்ணக்கல் சீமெந்தாகிறது. கற்பிட்டிக்கு அப்பால் பவளப்பாறைகள் கிடக்கின்றன. உப்பளங்களில் உப்பு விளையுமுன்னே ஜிப்சம் படிந்துவிடுகிறது. ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 400 மில்லிகிராம் கல்சியம் உண்டு. ஆனால் ஓய்விலிருக்கும் உயிர்க்கலம் ஒன்றுக்குள் கட்டின்றித் திரியும் கல்சியம், அந்தக் கடல்நீரின் செறிவில் ஏறக்குறைய இலட்சத்தில் ஒரு பங்குதான். தசை சுருங்கும்போதும் நரம்பு தூண்டப்படும்போதும் அது சில கணம் பல மடங்கு ஏறி வடிகிறது. கலத்தைக் கிழிக்காமல் இதை அறிய, கலத்தையே கருவி செய்ய வைத்தார்கள்: உணரிப் புரதத்தின் பரம்பரையலகை உட்செலுத்தினால், மிச்ச வேலையைக் கலம் பார்த்துக்கொள்ளும்.

அத்தகைய உணரிகளில் இரண்டைப் பார்ப்போம். 1997இல் மியாவாக்கியும் ரோஜர் சியெனும் கூட்டாளிகளும் செய்தது கமீலியன். 2001இல் நக்காய், ஒக்குரா, இமோட்டோ மூவரும் செய்தது ஜீகேம்ப். இரண்டிலும் கல்சியத்தைப் பிடிப்பது கல்மோடுலின் என்ற புரதம். பிடித்ததும் அது எம்13 என்ற சிறு புரதத்துண்டைச் சுற்றி மடங்குகிறது. ஒளிர்வதோ ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சைப் புரதம், அல்லது அதைத் திருத்திய வடிவங்கள்.

கமீலியனில் இரு நிற ஒளிர்புரதங்கள் இரு முனையிலும் நிற்கின்றன. மடிப்பு அவற்றை நெருக்கும்போது, முதலாவது வாங்கிய ஆற்றல் இரண்டாவதற்குத் தாவுகிறது. நாம் பார்ப்பது இரு நிறங்களின் விகிதம். கலம் தடித்தாலும் அசைந்தாலும், உணரி கூடக்குறைய இருந்தாலும், விகிதம் பெரிதாகப் பிசகாது. குறை, அந்த மாற்றம் சிறியது.

ஜீகேம்ப்பில் ஒரே ஒளிர்புரதம். அதன் சங்கிலியை இடையில் வெட்டி, பழைய முனைகளை இணைத்து, வெட்டிய இடத்தில் எம்13ஐயும் கல்மோடுலினையும் பொருத்தினார்கள். கல்சியம் வந்ததும் ஒளிர்மையம் மூடப்பட்டுப் பிரகாசிக்கிறது. முதல் வடிவம் உடல் வெப்பத்தில் சரியாக மடியாமல் மங்கிக் கிடந்தது. பின்வந்த வடிவங்கள் அதைத் திருத்தின; 2013இல் வந்த ஜீகேம்ப்6, உயிருள்ள எலியின் மூளையில் தனித்தனி நரம்புக்கலங்களின் துடிப்பைக் காட்டியது.

இன்று ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் ஜீகேம்ப்பின் பக்கம். எப்போது துடித்தது என்று கேட்பவருக்கு அது சரியான தெரிவு. எவ்வளவு என்று கேட்டால் கதை வேறு: கல்சியம் ஏறினாலும் ஒளி கூடும், உணரி குவிந்தாலும் கூடும், அமிலத்தன்மை மாறினாலும் ஒளி மாறும். மெல்ல, மணிக்கணக்கில் நகரும் அளவுக்கு நான் கமீலியன் போன்ற விகித உணரியையே எடுப்பேன்.

இரண்டுக்கும் பொதுவான இடர் ஒன்றுண்டு. கல்மோடுலின் கலத்துக்குச் சொந்தமான புரதம். கலத்திலுள்ள மற்றப் புரதங்கள் உணரியோடு ஒட்டி அதன் வேலையைக் கெடுக்கலாம். அதனால்தான் 2004இல் கிரீஸ்பெக்கும் ஹைமும் கல்மோடுலினை விட்டு, தசைப்புரதமான ட்ரோபோனின் சீயை இரு நிற உணரிக்குள் வைத்தார்கள். நரம்புக்கலத்தில் அதற்கு ஒட்டிக்கொள்ளப் பழைய உறவுகள் இல்லை.