புரவலரின் பொருளும் படைப்பாளியின் புகழும்

நூல் ஒன்றை எழுத ஏடும் எழுதுகோலும் போதும். திரைப்படம் எடுக்க அவை போதா. படச்சுருள் வேண்டும், கருவி வேண்டும், மாதக்கணக்கில் உடன் உழைப்போர்க்கு உணவும் ஊதியமும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பொருள் தருபவர் யார்? எதை எதிர்பார்த்துத் தருகிறார்? கதைப்படங்களைவிட ஆவணப்படங்களைக் குறித்தே இவ்வினாக்களை அழுத்தமாகக் கேட்க வேண்டும். ஏனெனில், ஆவணப்படத்தைக் காண்போர் அதனைச் சாட்சியம் என நம்பியே காண்கின்றனர்.

‘ஆவணப்படத்தின் தந்தை’ எனப் போற்றப்படும் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் (1884-1951) வரலாறு இவ்வகையில் எண்ணிப் பார்க்கத்தக்கது. அமெரிக்காவில் பிறந்த இவர், கனடாவின் வடபுலத்தில் கனிமவளம் தேடித் திரிந்தவர். 1910இல் இவரை அப்பணிக்கு அமர்த்தியவர் வில்லியம் மெக்கென்சி என்னும் இரயில்பாதை அதிபர். படக்கருவி ஒன்றையும் உடன் கொண்டுசெல்லும்படி யோசனை கூறியவரும் அவரே. அங்கு வாழும் இனுயித் மக்களை ஃபிளாஹர்ட்டி படம்பிடித்தார். ஆனால் 1916இல் டொராண்டோ நகரில், அவர் கைதவறி வீழ்ந்த சிகரெட்டின் நெருப்பில், ஏறத்தாழ 30,000 அடி நீளமுள்ள மூலச்சுருள் எரிந்து சாம்பலாயிற்று.

மனம் தளராத அவருக்கு அடுத்துக் கைகொடுத்தது ரெவியோன் பிரதர்ஸ் என்னும் பிரெஞ்சு மென்மயிர்த்தோல் வணிக நிறுவனம். ஹட்சன் விரிகுடாக் கம்பெனியோடு போட்டியிட்டு வந்த அந்நிறுவனம், தன் பெயர் பரவும் என்ற எண்ணத்துடனேயே பொருளுதவி செய்தது. 1920இல் வடக்கே சென்ற ஃபிளாஹர்ட்டி மறு ஆண்டு திரும்பினார். 1922இல் ‘வடபுலத்து நானூக்’ வெளிவந்து உலகப்புகழ் பெற்றது. படத்தின் முகப்பில் நிறுவனத்தின் பெயர் இடம்பெற்றது.

அவ்வெற்றியைக் கண்ட பாரமவுண்ட் நிறுவனம், இன்னொரு நானூக்கை எடுத்துவருமாறு அவரைச் சமோவாத் தீவுகளுக்கு அனுப்பியது. அங்கே உருவான ‘மோவானா’ 1926இல் வெளிவந்தது. ஜான் கிரியர்சன் என்ற திறனாய்வாளர் அப்படத்திற்கு ‘ஆவண மதிப்பு’ உண்டு என எழுதினார். ஆவணப்படம் என்ற பெயர் பரவுவதற்கு அவ்வெழுத்தே வழிவகுத்தது. ஆனால் வசூல் எதிர்பார்த்தபடி அமையவில்லை. 1934இல் வந்த ‘ஆரன் மனிதன்’ வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

பின்னர் அரசே புரவலராயிற்று. மண் அரிப்பையும் உழவர் வறுமையையும் காட்டும் ‘நிலம்’ என்ற படத்தை அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக எடுத்தார். 1942இல் அது முடிவுற்றபோது நாடு போரில் இறங்கியிருந்தது. வறுமையைக் காட்டும் படம் அவ்வேளைக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை. பொதுத் திரையரங்குகளுக்கு அது வரவே இல்லை.

இறுதியாக வந்த புரவலர் நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் என்னும் எண்ணெய் நிறுவனம். 1948இல் வெளியான ‘லூசியானா கதை’க்கு இரண்டரை இலட்சம் டாலருக்கு மேல் தந்தது. படத்தில் தன் பெயரைக் காட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. விநியோக உரிமையையும் படைப்பாளிக்கே விட்டுக்கொடுத்தது. இதனினும் பெருந்தன்மை உண்டா என்று கேட்கத் தோன்றும். ஆனால் படத்தில் நாம் காண்பது என்ன? சதுப்பு நிலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுகின்றனர், ஒரு விபத்து நேர்கிறது, அதுவும் அடக்கப்படுகிறது, பின் எந்திரம் அமைதியாக விடைபெற்றுச் செல்கிறது. நீருக்கும் நிலத்துக்கும் யாதொரு தீங்கும் இல்லை. புரவலர் வாய்திறந்து கேளாததையும் படம் சொல்லிவிட்டது!

சிறப்புகள் குறைவின்றி வந்தன. அப்படத்தின் இசைக்காக வர்ஜில் தாம்சன் 1949இல் புலிட்சர் பரிசு பெற்றார். ஃபிளாஹர்ட்டி மறைந்தபின், 1955இல் அவர் மனைவி பிரான்சிஸ் தொடங்கிய கருத்தரங்கு அவர் பெயரைத் தாங்கி வளர்ந்தது. 1989இல் அமெரிக்கா தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்த 25 படங்களில் நானூக்கும் ஒன்று.

நானூக்காகத் தோன்றியவரின் உண்மைப் பெயர் அல்லகரியால்லக். துப்பாக்கி அறிந்திருந்த அவரை, பழைய முறைப்படி ஈட்டியால் வேட்டையாடச் செய்து படம்பிடித்தனர். படம் வெளிவந்த சில காலத்திலேயே அவர் இறந்தார். பட்டினியால் மாண்டார் என்ற செய்தி பரப்பப்பட்டது; நோயுற்று மாண்டார் என்பதே பின்னாளில் ஆய்ந்தோர் கருத்து. உலகம் கண்ட முகம் அவருடையது. அவர் பெயரோ திரையில் இல்லை.

ஃபிளாஹர்ட்டியின் கலைத்திறனை மறுப்பது நம் நோக்கமன்று. உதவி பெறாமல் அவர் ஒரு படமும் எடுத்திருக்க முடியாது என்பதும் உண்மை. எனினும், ஒரு செய்தியைக் கேட்டால் அதைச் சொன்னவர் யார் என்று வினவுவது பழம்பெரும் கல்விமரபு. ஆவணப்படத்திற்கு இரு வினாக்களை நாம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: பொருள் தந்தவர் யார்? முகம் தந்தவர் யார்? முன்னவர் பெயர் நிறுவனக் கணக்கேடுகளிலேனும் எஞ்சிவிடும். பின்னவர் பெயரைத் தேடி எழுதும் கடமை வரலாற்றைச் சாரும்.